அவசரத்துக்கு வைத்த பணம்: எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது?

(மரக்காணம் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



சேமிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நமக்குச் சேமிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1991-92 வாக்கில், பழைய தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலத்திலேயே நம்ம பக்கம் பெண்கள் குழுத் திட்டம் வந்துவிட்டது. அஞ்சும் பத்துமாகச் சேர்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் சேர்த்த பணத்தை எப்போது எடுப்பது? அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நான் இரண்டு தடவை தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொண்டேன். அந்த இரண்டு தப்பையும் இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்லிவிடப் போகிறேன். கேட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை, யாராவது ஒருத்தர் தப்பித்தால் போதும்.

முதலில் ஒன்று. நான் பேசுவது குழுச் சேமிப்பைப் பற்றி இல்லை. குழுச் சேமிப்பு குழுவோடது. அதை நினைத்த நேரம் எடுக்க முடியாது. உள்கடனாகத்தான் வாங்க முடியும். நான் சொல்வது அவரவர் வீட்டில், பெட்டியிலோ, அரிசிப் பானையிலோ, தபால் ஆபீசிலோ, வங்கியிலோ "ஆபத்துக்கு இருக்கட்டும்"னு தனியாக வைத்திருக்கிற பணம்.

முதல் தப்பு

2011-ஆம் வருஷம். என் பெட்டியில் 6,000 ரூபாய் இருந்தது. உப்பளத்தில் கூடை சுமந்த கூலியில் மிச்சம் பிடித்தது. அந்த வருஷம் ஐப்பசியில் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். தாய்மாமன் சீர் நம்ம வீட்டிலிருந்துதான் போகணும். பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, தட்டு வரிசை. "அவசரம், மானம் போயிடும்"னு வீட்டில் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பெட்டியைத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். விழா நல்லா நடந்தது. எல்லாரும் மெச்சினார்கள்.

அந்த டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் வீடு கீற்று வீடு. கூரை எங்கே போனதென்றே தெரியவில்லை. சுவர் ஒரு பக்கம் சரிந்தது. சின்னப் பையனுக்குச் சளிக் காய்ச்சல். பெட்டியைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகைதான் இருக்கிறது.

5,000 ரூபாய் கடன் வாங்கினேன். பத்து வட்டி. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய், அதாவது மாதம் 500. பதினாலு மாதம் கட்டினேன். கூட்டிப் பாருங்கள், 7,000 ரூபாய். அசல் 5,000 அப்படியே நிற்கிறது! கடைசியில் நம்ம குழுதான் இரண்டு வட்டிக்கு உள்கடன் கொடுத்து என்னை மீட்டது. அதே 5,000-க்கு மாதம் 100 ரூபாய் வட்டி. அதுவும் அசல் குறையக் குறைய குறைந்துகொண்டே வந்தது.

சீர் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. உறவு வேணும், மொய் வேணும். ஆனால் வயசுக்கு வந்த பெண்ணுக்கு விழா வைப்பார்கள் என்பது முன்னாடியே தெரியாதா? தெரியும். அதற்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால், கையில் இருப்பதற்குத் தகுந்தபடி கொலுசை விட்டுவிட்டுப் பாவாடையோடு நின்றிருக்க வேண்டும். ஆபத்துக்கு வைத்ததை எடுத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு.

இரண்டாவது தப்பு

அந்தக் கடனில் பட்ட அடி, மனசில் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. இனிமேல் உயிரே போனாலும் பெட்டியைத் தொட மாட்டேன் என்று. மூன்று வருஷத்தில் 9,000 சேர்த்தேன். தினமும் ராத்திரி ஒரு தடவை தொட்டுப் பார்த்துப் படுப்பேன்.

2015 மே மாதம். உப்பு நன்றாக விளைகிற நேரம். பாத்தியில் உப்பு வாரும்போது வலது கால் விரலுக்கு அடியில் உப்புக்கட்டி கிழித்துவிட்டது. உப்பளத்தில் வேலை செய்கிறவளுக்குக் காலில் புண் என்ன புதுசா? மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் போனேன். உப்புத் தண்ணியிலேயே நின்றேன். நாலாம் நாள் வீங்கியது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். எட்டாம் நாள் வாடை வந்தது. எங்கள் குழுப் பிரதிநிதி அக்கா பார்த்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போடி"ன்னு திட்டினார்கள். "போனா ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸுக்கு வேணும், கூட வர்றவங்களுக்குச் சோறு வாங்கணும், பெட்டிப் பணத்தை உடைக்கணுமே"ன்னு சொன்னேன். பன்னிரண்டாம் நாள் காய்ச்சலில் மயங்கி விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கேதான் தெரிந்தது, எனக்குச் சர்க்கரை இருக்கிறதென்று. புண் எலும்பு வரை போய்விட்டது. ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். (காலைக் காட்டுகிறார்.) இதோ பாருங்கள், நாலு விரல்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு கேட்கவில்லை. நாலாம் நாளே போயிருந்தால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து 500 ரூபாய்கூட ஆகியிருக்காது. பன்னிரண்டு நாள் கழித்துப் போனதால் மூன்று மாதம் வேலை இல்லை. அந்த வருஷ சீசன் முழுக்கப் போனது. பெட்டியில் இருந்த 9,000-மும் போனது. விரலும் போனது.

முதல் தடவை எடுக்கக் கூடாததற்கு எடுத்தேன். இரண்டாவது தடவை எடுக்க வேண்டியதற்கு எடுக்கவில்லை. இரண்டில் எது பெரிய தப்பு என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். பணம் திரும்பி வந்தது. விரல் வரவில்லை.

மழை வருவது அவசரமா?

இப்போது ஒரு கேள்வி. கையைத் தூக்கிச் சொல்லுங்கள். ஐப்பசியில் உப்பளம் நின்றுபோனதும், அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஆபத்துப் பணத்தை எடுத்தவர்கள் எத்தனை பேர்? (பாதிப் பேருக்கு மேல் கை தூக்குகிறார்கள்.) பார்த்தீர்களா?

"உப்பு விக்கப் போனா மழை பெய்யுது, உமி விக்கப் போனா காத்தடிக்குது"ன்னு நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் மரக்காணத்தில் மழை எதிர்பாராமலா வருகிறது? மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிற நம்ம உப்பளத்தில், தையோ மாசியோ தொடங்கிப் புரட்டாசி வரை வேலை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் பாத்தியெல்லாம் தண்ணி. மார்கழி தாண்டினால்தான் மறுபடியும் பாத்தி மிதித்து, வரப்புக் கட்டி, தண்ணி விட முடியும். நம்ம பாட்டி காலத்திலும் இப்படித்தான், நம்ம பேத்தி காலத்திலும் இப்படித்தான். வருஷா வருஷம் தேதி சொல்லி வருகிற விருந்தாளியை யாராவது "திடீர்னு வந்துட்டார்"னு சொல்வோமா?

குப்பத்துச் சகோதரிகளுக்கும் இதே கதைதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதுவும் தெரிந்த தேதி. அது போக மழை மாதத்தில் கடலுக்குப் போக முடியாத நாட்கள்.

மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். தொழில் நடக்கிற மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, தொழில் இல்லாத மழை மாதத்தில் அரசின் பங்கோடு சேர்த்து வாங்குகிறோம். அண்மை ஆண்டுகளில் 1,500 ரூபாய் கட்டியவருக்கு அரசு 3,000 சேர்த்து 4,500 கிடைத்தது. அரசு பங்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் இருக்கிற புத்தியைப் பாருங்கள்! வேலை உள்ள மாதம் வேலை இல்லாத மாதத்துக்குச் சோறு போடுகிறது.

நம்ம உப்பளத்துப் பெண்களும் அதே மாதிரி தனியாக ஒரு "மழை மாதப் பணம்" வைக்க வேண்டும். மாசியிலிருந்து புரட்டாசி வரை ஏறக்குறைய 34 வாரம். வாரம் 150 ரூபாய் போட்டால் 5,100 ஆகும். இதை மழை மாதத்தில் தாராளமாக எடுத்துச் செலவு செய்யலாம், அதற்காகத்தான் வைக்கிறோம். இது தனி. இதோடு வாரம் 50 ரூபாய் ஆபத்துப் பணம், 34 வாரத்தில் 1,700. இது வேறு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டீர்களோ, ஐப்பசியில் சோற்றுக்கு எடுக்கும்போது இரண்டும் சேர்ந்தே கரைந்துவிடும்.

உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தை 2022-இல் தமிழக அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று வருஷா வருஷம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆனால் அது எந்த நாளில் கைக்கு வரும் என்பது நம்ம கையில் இல்லை. அதை நம்பி உலையை வைக்காதீர்கள்.

புயல் அன்று என்ன நடந்தது

இரண்டு டப்பா வேணும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். அன்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. நமக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் உப்பளம் எது, கழுவெளி எது என்று தெரியவில்லை, ஒரே தண்ணீர்க்காடு.

எங்கள் குழுவில் அப்போது நாங்கள் பதினாலு பேர். ஆபத்துப் பணம் எல்லாரிடமும் இருந்ததாகத்தான் நினைத்தோம். அப்புறம் பேசிப் பார்த்தால், ஒன்பது பேர் தீபாவளிக்கும் ஐப்பசிச் செலவுக்கும் அதை எடுத்து முடித்திருந்தார்கள். புயல் வந்த நாளில் கையில் காசு இருந்தது ஐந்து பேரிடம். ஒன்பது பேரில் நாலு பேர் தண்டல்காரரிடம் போனார்கள். விழுப்புரம் மாவட்டத்துக்கும் சேர்த்து ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் என்று டிசம்பர் முதல் வாரத்தில் அரசு அறிவித்தது. நல்ல உதவிதான். ஆனால் அறிவிப்பு வந்து, டோக்கன் வந்து, பணம் கைக்கு வரும்வரை குழந்தைக்குப் பால் வாங்கணுமே? அந்த இடைப்பட்ட நாளைத் தாண்டத்தான் ஆபத்துப் பணம்.

நான் அன்று என்ன செய்தேன்? பெட்டியில் 2,000 கையில், வங்கியில் 8,000. கையில் இருந்ததை எடுத்தேன். பாலும் மெழுகுவர்த்தியும், எனக்குச் சர்க்கரை மாத்திரையும் வாங்கினேன். நனைந்த அடுப்புச் சாமானுக்குப் பதில் வாங்கினேன். அப்புறம் கரண்ட் வந்த பிறகு வங்கியில் 500 எடுத்தேன். டி.வி. தண்ணியில் போனது. பையன் கேட்டான், "அம்மா, பணம் இருக்கே, டி.வி.யை ரிப்பேர் பண்ணலாமே?" இல்லைடா, இதுக்கு அது இல்லைன்னு சொல்லிவிட்டேன். தை மாதம் வேலை தொடங்கிய பிறகுதான் டி.வி. பேசியது. அதற்குள் நான் எடுத்த 2,500-ஐத் திரும்பப் போட ஆரம்பித்திருந்தேன்.

மூன்று கேள்விகள்

பெட்டியில் கை வைக்கிறதுக்கு முன்னாடி நான் எனக்குள்ளே மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். படிக்காத சகோதரிகளும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளலாம்.

ஒன்று: இது வரும் என்று முன்னாடியே எனக்குத் தெரியுமா? தெரியுமென்றால் அது அவசரம் இல்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். தீபாவளி வரும். மாசி மகம் வரும். சீர், மொய் வரும். இதற்கெல்லாம் தனியாகச் சேர்க்கணும்.

இரண்டு: தள்ளிப் போட்டால் கெடுதல் கூடுமா? உடம்புக்கு, உயிருக்கு, பிழைப்புக்கு, குடியிருக்கிற கூரைக்குக் கெடுதல் கூடுமென்றால் அது அவசரம். புண் தள்ளிப்போட்டால் விரல் போகும். டி.வி. தள்ளிப்போட்டால் ஒன்றும் போகாது. மீன் விற்கிறவளுக்கு அலுமினிய அன்னக்கூடை தொலைந்துபோனால் அது அவசரம்தான், நாளைய வியாபாரமே அதில் இருக்கிறது.

மூன்று: இலவசமாக, உரிமையாகக் கிடைக்கிற வழி இருக்கிறதா? இருந்தால் முதலில் அதைப் பிடியுங்கள். அதற்கும் மேலே எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் பெட்டியிலிருந்து எடுங்கள். 108 ஆம்புலன்ஸ் 2008-இலிருந்து இலவசம், அதற்கு யாரும் காசு கொடுக்கத் தேவையில்லை. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், திட்டத்தில் உள்ள பெரிய சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை வழி இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்னாடியே எடுத்து வையுங்கள். வைத்தியம் இலவசமாக இருந்தாலும் பஸ், சாப்பாடு, கூட இருப்பவரின் கூலி இதெல்லாம் நம்ம கையிலிருந்துதான் போகும். பெட்டிப் பணம் அதற்குத்தான்.

முதல் கேள்விக்கு "தெரியாது", இரண்டாவது கேள்விக்கு "கூடும்" என்று பதில் வந்துவிட்டதா? அப்புறம் யோசிக்காதீர்கள், பயப்படாதீர்கள், எடுங்கள். நாம் அதற்காகத்தான் வயிற்றைக் கட்டிச் சேர்த்தோம். எடுக்காமல் வட்டிக்கு வாங்குவது, குடை இருக்கும்போது மழையில் நனைகிற மாதிரி.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தெரிந்து வந்த செலவுதான், ஆனால் தள்ளவும் முடியாது, மழை மாதப் பணமும் தீர்ந்து போச்சு, பிள்ளை பட்டினி கிடக்கிறது என்றால் அப்போது சட்டம் பேசாதீர்கள். எடுங்கள். அடுத்த சீசனில் மழை மாதப் பணத்தைக் கூட்டிப் போடுங்கள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

(ஒரு சகோதரி: "வங்கிக் கடன் தவணை கட்ட முடியலேன்னா எடுக்கலாமா?")

நல்ல கேள்விம்மா. மழை மாதத்துத் தவணை தெரிந்த செலவு, அதை மழை மாதப் பணத்தில்தான் கணக்கு வைக்கணும். உடம்பு முடியாமல் கூலி நின்றுபோனதால் கட்ட முடியவில்லையென்றால், ஒரு தவணைக்கு எடுக்கலாம். அதற்கு முன்னாடி குழுக் கூட்டத்தில் வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். அப்படித்தான் ஒருத்திக்கு நாலு இடத்தில் கடன் சேர்கிறது.

(இன்னொரு சகோதரி: "எங்க அண்ணன் அவசரம்னு கேக்குறாரு. எப்படிக்கா இல்லேன்னு சொல்றது?")

அண்ணனுக்கு உயிருக்கு ஆபத்தென்றால் யாரும் கணக்குப் பார்க்க மாட்டோம். மற்றதுக்கு, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடு. மீதிக்கு, "அண்ணியைக் குழுவில் சேரச் சொல்லுங்க"ன்னு சொல்லு. பணம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் ஊர் அவசரமெல்லாம் நம்ம அவசரம் ஆகிவிடும். அதனால் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே சொல்லாதே.

(மற்றொருவர்: "வீட்டுக்காரர் குடிக்கப் பணத்த எடுத்துடறாரு.")

அப்படிப்பட்ட வீட்டில் பணம் வீட்டில் இருக்கக் கூடாது. உங்கள் பெயரில் மட்டும் வங்கியிலோ தபால் ஆபீசிலோ கணக்கு வையுங்கள். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். பாஸ் புக்கைத் தாய் வீட்டில் வைக்கலாம். ஏ.டி.எம். ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது

2016 நவம்பர் 8 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் புடவை மடிப்பிலும் பருப்பு டப்பாவிலும் வைத்திருந்த பணமெல்லாம் வெளியே வந்தது. எத்தனை பேர் வரிசையில் நின்றோம்! கணக்கில் இருந்த பணத்துக்கு அந்தப் பாடு இல்லை. அதனால் பெரிய பங்கை வங்கியிலோ தபால் ஆபீசிலோ வையுங்கள்.

ஆனால் மொத்தத்தையும் அங்கேயே வைக்காதீர்கள். புயல் அடித்தால் நம்ம பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இருக்காது. ஏ.டி.எம். வேலை செய்யாது, போன் வேலை செய்யாது. ஆயிரம் இரண்டாயிரம் சில்லறை நோட்டாக, தண்ணி புகாத பிளாஸ்டிக் கவரில் கட்டி, ரேஷன் அட்டை, ஆதார், பாஸ் புக், காப்பீட்டு அட்டையோடு ஒரே இடத்தில் வையுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் காகிதம் போனவர்கள் பட்ட பாட்டை நாம் மறக்க முடியுமா? ஓடும்போது ஒரு பையை எடுத்தால் எல்லாம் கையில் இருக்கணும்.

எவ்வளவு வைப்பது? முதலில் ஒரு மாதக் குடும்பச் செலவு. ரேஷன் அரிசி போக எண்ணெய், பருப்பு, பால், கேஸ், மாத்திரை, பஸ், தவணை என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். 7,000 வந்தால் 7,000-தான் முதல் இலக்கு. ஒரே வருஷத்தில் வராது. வாரம் 50 போட்டால் நாலு சீசன் ஆகும். ஆகட்டும். 700 இருந்தாலும் ராத்திரி பத்து மணிக்கு யார் கதவையும் தட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

வங்கிக்குப் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள். வருஷம் 20 ரூபாய் பிடித்துக்கொண்டு, விபத்தில் இறந்தால் 2 லட்சம் தருகிற பிரதம மந்திரி சுரக்ஷா காப்பீட்டில் நம்ம கணக்கு சேர்ந்திருக்கிறதா என்று. 20 ரூபாய் நாம் ஒரு நாள் குடிக்கிற டீக் காசு.

எடுத்த பிறகு

எடுத்துவிட்டால் கதை முடியவில்லை. எடுத்த அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்: தேதி, எதற்கு, எவ்வளவு. எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். வேலை தொடங்கிய முதல் வாரத்திலிருந்து திரும்பப் போடுங்கள். குழுக் கடனைக் கட்டுகிற மாதிரி, நமக்கு நாமே கடன்காரி. வட்டி மட்டும் கிடையாது!

பெட்டிப் பணம் போதவில்லையென்றால் அடுத்தது குழு உள்கடன். அதற்கும் மேலே வேணுமென்றால் கூட்டுறவு வங்கியிலோ மற்ற வங்கியிலோ நகைக் கடன். கந்து வட்டிப் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்காதீர்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் நான் 2012-இல் பத்து வட்டி கட்டினேன். ஏன்? கையில் காசு இல்லை, கேட்கத் தைரியமும் இல்லை. பெட்டியில் 700 ரூபாய் இருந்தால் அந்தத் தைரியம் கொஞ்சம் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் வீட்டில் இரண்டு டப்பா வைத்திருக்கிறோமா என்று கேட்டு, தீர்மான நோட்டில் எழுதுங்கள். தொகை எழுத வேண்டாம், அது அவரவர் ரகசியம். "மழை மாதப் பணம் உண்டு, ஆபத்துப் பணம் உண்டு" என்று மட்டும் எழுதினால் போதும். அப்புறம், கூட்டத்துக்கு வருகிற யாராவது நொண்டிக்கொண்டு வந்தால், காலைக் காட்டச் சொல்லுங்கள். "ஒண்ணுமில்லக்கா, சின்னப் புண்ணு"ன்னுதான் சொல்வாள். நானும் அப்படித்தான் சொன்னேன். நம்பாதீர்கள். கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பாருங்கள். பெட்டியைத் திறக்க வைத்து, கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.